மேலே படிக்கும் எண்ணம்

ஜூன் 2, திங்கள்

புழுக்கம். ஒரகடம் ரோடு முழுக்கப் புழுதி. கம்பெனியில் மூன்று நாள் ஆளெடுப்பு, லீவு கிடையாது. செல்போன் பாகம் பூட்டும் லைனுக்கு, பிளஸ் டூ பெண்கள் மட்டும். நான் கேட்கும் கேள்வி அதேதான்: "மேல படிக்கிற எண்ணம் இருக்காம்மா?" இருக்கு என்றால் வெளியே. டிகிரி முடித்திருந்தாலும் வெளியே. எதிர்த்துக் கேட்பார்களாம்.

தென்காசிப் பெண் ஒருத்தி. பிளஸ் டூவுக்குப் பிறகு என்ன செய்தாய் என்றேன். "வீட்ல சும்மாதான் இருந்தேன் சார்." சர்டிபிகேட் கொண்டுவந்த ஃபைலில் கல்லூரிப் பெயர், கொட்டை எழுத்தில். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. "சொல்லிராதீய சார்." பக்கத்தில் மேனேஜர். வெறும் டிப்ளமோ, வயதில் என்னைவிட மிகச் சின்னவன். என் எம்.எஸ்சி.யைக் கிண்டலடிக்காத நாள் இல்லை. "இன்னா சயின்டிஸ்ட் சார், உங்க ஜாதியாட்டம் கீது!" அவளை வெளியே அனுப்பிவிட்டேன்.

சாப்பிடும்போது வீட்டில் சொன்னேன். மனைவி சிரித்தாள். மகள் கயல் சிரிக்கவில்லை.

ஜூன் 3, செவ்வாய்

தூறல். தண்ணீர் மோட்டார் மறுபடி மக்கர். மெக்கானிக் வரவில்லை, திருட்டுப் பயல்.

நாளை காலை கயலுக்கு அரசுக் கல்லூரியில் கலந்தாய்வு. பிசிக்ஸ். நல்ல ரேங்க். நேரில் போனால் சீட் நிச்சயம், போகாவிட்டால் அடுத்தவருக்கு. யாரையும் கேட்காமல் அவளே போட்ட விண்ணப்பம். உள்ளுக்குள் சந்தோஷம். சொல்லவில்லை. வாயில் வந்தது வேறு: "பிசிக்ஸ் படிச்சுக் கிழிச்சவன் எதிர்ல உக்காந்திருக்கேன், பாத்துக்கோ."

மனைவி: "டெய்லி அந்தப் படிப்பத் திட்டிக்கினே கீறீங்க. அவ கேட்டுக்கினுதான கீறா?"

ஜூன் 4, புதன்

வெயில். பத்து மணி வாக்கில் தலை நிமிர்ந்தால் வரிசையில் கயல். தோழியோடு கல்லூரிக்குப் போவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். சர்டிபிகேட் எல்லாம் துணிக்கடைப் பையில். ஃபைல் கதையை நான்தானே சொன்னேன்.

என் மேஜைக்கு வந்தாள். மேனேஜரே கேட்டான்.

"மேல படிக்கிற எண்ணம் இருக்காம்மா?"

"இல்ல சார்."

"ஏம்மா? மார்க்கு சூப்பரா கீதே."

"எங்கப்பா எம்.எஸ்சி. பிசிக்ஸ் சார்."

என்னைப் பார்க்கவில்லை. அவன் சர்டிபிகேட்டில் அப்பா பெயரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். இளிப்பு.

பொய் சொல்கிறாள், படிக்க ஆசைப்படுகிறவள் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வெளியே அனுப்பியிருப்பான். அந்த இளிப்புக்கு முன்னால் சொல்ல வரவில்லை.

"செலக்டட். கையெழுத்து போடுங்க சார்."

போட்டேன்.

திங்கள் முதல் வேலை. மணிமங்கலத்தில் நான் ஏறும் அதே பஸ்.