நேர்முகத்துக்கு ஒரு விளக்கு

தர்மிகா,

நைட் ஷிப்ட் காலத்தில் என் பகல் நித்திரை கெடாமல் இருக்க, அறை விளக்குக்குப் பதிலாக உமது கணினித் திரைக்குப் பின்னால் ஒட்டியிருந்த மங்கல் எல்இடி பட்டியை இன்று கழற்றிவிட்டேன். நைட் ஷிப்டை விட்ட அன்றே கழற்றியிருக்க வேண்டும். போன நேர்முகத்தில் கமராவில் முகமே தெரியவில்லை என்றார்கள் என்று நீர் அழுதபோது, "வேலைக்கு முகம் என்னத்துக்கு?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

இன்றைய நேர்முகத்துக்குத் திரையின் மேல் சின்ன யுஎஸ்பி விளக்கு பூட்டியிருக்கிறேன். கணினியிலேயே செருகலாம், கரண்ட் அதிகம் இழுக்காது. கண் கூசினால் கொஞ்சம் மேலே திருப்பும்.

புட்டு அடுப்படியில் மூடியிருக்கிறது. சாப்பிட்டுவிட்டு இரும்.

இன்னொன்று. கமராவில் பார்த்தேன். முகத்தில் நல்ல வெளிச்சம் விழும். பின்னால் கட்டிலும் தெரிகிறது. படுத்திருந்தால் நானும் தெரிவேன். கட்டிலை விரித்துவிட்டு வெளியே பிளேஸ்டோ ஸ்டேஷன் பக்கம் போகிறேன். முடிந்ததும் ஃபோனில் கோல் எடும், வருகிறேன்.