உனக்குத் தராமல் போன கடிதம்

இன்று காலை வேலையிடத்து லாக்கரைச் சுத்தம் செய்தபோது அடியிலிருந்து ஒரு ஜோடி சேஃப்டி ஷூ வந்தது. நீ முதல் தடவை எங்கள் தொழிற்சாலைக்குச் செருப்போடு வந்ததால் செக்யூரிட்டி உள்ளே விடவில்லை. ஸ்டோரில் இருந்ததிலேயே சின்ன ஜோடியை எடுத்துவந்தேன். அதுவும் உனக்குப் பெரிது. முனையில் செய்தித்தாளைத் திணித்துக்கொண்டு வாத்து மாதிரி நடந்து வந்தாய். தாள் இன்னும் உள்ளேயே இருக்கிறது. நீ போய் எட்டு மாதம். உட்கார்ந்தால் எழுந்துவிடத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நெல்லையில் ஹாஸ்டலில் நாம் ஒரே அறை. படிப்பு முடிந்ததும் நான் ஒரகடத்தில் வேலைக்குச் சேர்ந்து குன்றத்தூரில் குடியேறினேன். நீ மேலே படித்து, சென்னையில் கல்லூரி ஆசிரியையாகி, ஆராய்ச்சியில் இறங்கினாய். ஒரு புரோகிராம் எந்த நிலையிலும் தப்பு செய்யாது என்று தர்க்கத்தால் நிரூபிப்பது உன் வேலை. நிரூபிக்க முடியாவிட்டால், தப்பு எந்த வழியாக வரும் என்று காட்டிவிடுவாய். எனக்கு அது கரும்பலகைக் கணக்காகத்தான் பட்டது. தொழிற்சாலையில் நிஜமாக ஓடுகிற ஒன்றைக் கொடு என்று நீ விடாமல் கேட்டாய். மேனேஜரிடம் அனுமதி வாங்கி, தகடு அழுத்தும் பிரஸ் ஒன்றின் பாதுகாப்பு புரோகிராமைக் கொடுத்தேன். நானே எழுதியது. மெஷினின் தடுப்புக் கதவான கேட் திறந்திருந்தால் பிரஸ் இறங்கக் கூடாது, அவ்வளவுதான் அதன் வேலை. நீ பாராட்டுவாய் என்று நினைத்தேன்.

மூன்று வாரம் கழித்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் போன் செய்தாய். தப்பு நடக்க ஒரு வழி இருக்கிறது என்றாய். ஏழு படி. முன்பக்க கேட் திறந்து ஒருவர் கையை உள்ளே விட்டிருக்கும்போது மின்சாரம் போய் வருகிறது. கேட் திறந்திருந்ததை புரோகிராம் மறந்துவிடுகிறது. அந்த நேரம் பின்பக்கத்தில் யாராவது மெஷினை மறுபடி ஓட வைக்கும் ரீசெட் பட்டனை அழுத்தினால் பிரஸ் இறங்கிவிடும். எனக்குக் கோபம் வந்தது. அப்படி யாரும் செய்ய மாட்டார்கள் என்றேன்.

“யாரும் செய்ய மாட்டாங்கன்னு உன் புரோகிராம்ல எங்கட்டி எழுதியிருக்கு?” என்று கேட்டாய்.

மேனேஜரிடம் சொன்னேன். வருடாந்தர ஷட்டவுனில் பார்த்துக்கொள்ளலாம், இப்போது லைனை நிறுத்த முடியாது என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன். அதை உன்னிடமும் சொன்னேன். மறுநாள் காலையிலேயே ஸ்ரீபெரும்புதூரில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து வந்து, அந்த பிரஸ்ஸில் நிற்பவரைப் பார்க்க வேண்டும் என்றாய்.

நின்றது தேவகி. பக்கத்து ஊர்க்காரி, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். கரண்ட் போய் வந்தால் யார் ரீசெட் அழுத்துவார்கள் என்று அவளிடம் கேட்டாய்.

“நாங்கதான்க்கா. பின்னாடி யாரு கீறாங்களோ அவங்க அழுத்துவாங்க. சூப்பர்வைசர் வர்ற வரிக்கும் சும்மா நின்னுகினு இருந்தா டார்கெட் இன்னாவுறது?”

நீ என்னைப் பார்த்தாய். நான் போய் பிரஸ்ஸை நிறுத்தி சாவியை எடுத்து பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். மேனேஜர் கத்தியது காதில் விழுந்தது, ஆனால் என்ன சொன்னார் என்று இன்றுவரை நினைவில்லை. பிறகு அவரையும் நிற்க வைத்து, கை இருக்கும் இடத்தில் ஒரு மரச்சட்டத்தை நீட்டி வைத்து, நீ எழுதிவந்த ஏழு படிகளையும் வரிசையாகச் செய்து காட்டினோம். பிரஸ் இறங்கியது. சட்டத்தின் முனை சிம்பு சிம்பாகிப் போனது.

தேவகி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டாள். “நேத்து ரெண்டு தபா கரண்டு போச்சுக்கா. என் கை அங்கதான் இருந்துச்சு” என்றாள். நீ அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாய்.

அன்று சாயங்காலத்துக்குள் புரோகிராமைத் திருத்தினேன். நான்கே வரி. ‘வழக்கமான மேம்பாடு’ என்று பதிவேட்டில் எழுதச் சொன்னார்கள், எழுதினேன்.

இனி வருவதைத்தான் இத்தனை நாளாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். இரண்டு வருடம் கழித்து உன் பதவி உயர்வுக் குழுவில், உன் ஆராய்ச்சியால் வெளியே என்ன விளைந்தது என்று கேட்டார்கள். உன் கட்டுரைகளை எடுத்தாண்டவர்கள் குறைவு என்றார்களாம். நடந்ததை ஒரு கடிதமாகத் தர முடியுமா என்று என்னிடம் கேட்டாய். கம்பெனியில் கேட்டேன். மெஷின் ஆபத்தாக இருந்ததென்று நாமே எழுதிக் கொடுப்பதா என்று மறுத்துவிட்டார்கள். அப்படியானால் உன் சொந்தப் பெயரிலாவது எழுது என்றாய். பார்க்கிறேன் என்றேன். நீ மறுபடி கேட்கவில்லை. பதவி உயர்வும் வரவில்லை.

அதன் பிறகு பேசும்போதெல்லாம் நான் வேறு எதையாவது பேசினேன். மழையைப் பற்றி, செம்பரம்பாக்கத்தில் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதைப் பற்றி. நீயும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாய். நீ படுத்திருந்த ஆஸ்பத்திரிக்கு வந்த அன்று, கடிதத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். நீ முந்திக்கொண்டு, “தேவகி எப்படி இருக்கா?” என்று கேட்டாய். லைன் லீடராகிவிட்டாள் என்றேன். சிரித்தாய். அந்தச் சிரிப்பைக் கலைக்க மனம் வராமல் திரும்பிவிட்டேன். பத்தாம் நாள் செய்தி வந்தது.

போன வாரம் உன் மாணவி ஒருத்தி எழுதியிருந்தாள். உன் ஆராய்ச்சி எங்கெல்லாம் பயன்பட்டது என்று தொகுக்கிறாளாம். கல்லூரிக் கோப்புகளில் அதிகம் ஒன்றும் கிடைக்கவில்லையாம். உன் நோட்டில் என் பெயரும் ஒரகடமும் மட்டும் இருந்ததாம். இந்தத் தடவை கம்பெனியில் யாரையும் கேட்கவில்லை. ஏழு படி, மரச்சட்டம், ‘மேம்பாடு’ என்று பொய்யாக எழுதியது, எல்லாவற்றையும் இரண்டு பக்கத்தில் எழுதி என் பெயரைப் போட்டேன். தேவகியிடம் காட்டினேன். மெதுவாக வாசித்துவிட்டு, தானும் போடுவதாகச் சொல்லி எனக்குக் கீழே கையெழுத்துப் போட்டாள். வேலை போகலாம் என்று எச்சரித்தேன். கை இருந்தால் எங்கேயும் வேலை செய்துகொள்ளலாம் என்றாள்.

இப்போதெல்லாம் எந்தப் புது மெஷினுக்கும், அதன் எதிரே நிற்கப்போகிறவரிடம் பேசாமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை. நீ கொடுத்துவிட்டுப் போன நிம்மதியின்மை அது, அது இருக்கட்டும். இன்னொரு நிம்மதியின்மையும் இருக்கிறது, அது உன்னிடம் சொல்லாமல் விட்டதால் நானாகச் சேர்த்துக்கொண்டது. கடிதம் கிடைத்ததும் உன் மாணவி போன் செய்தாள். நல்ல பெண், தயங்கித் தயங்கித்தான் கேட்டாள், மேடம் இருக்கும்போதே இதை ஏன் தரவில்லை என்று.

“பயந்துட்டேன்ம்மா” என்றேன்.

உன்னிடம் சொல்லியிருக்க வேண்டியது அந்த ஒரு வார்த்தைதான். நீ என்னைத் திட்டிவிட்டு, அடுத்த நிமிஷமே சாப்பிட்டியா என்று கேட்டிருப்பாய்.