இரண்டு பேருக்கும் ஆயுள்

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
10.1.2023

அன்புத் தம்பி குமாரவேலுக்கு,

காதுகுத்து அன்றைக்கு வீட்டில் யார் யார் இருந்தோம் என்று வக்கீல் கேட்டார். சொன்னேன். நான், என் மகன் ஜெயக்குமார், மருமகள் மஹாலட்சுமி, பேத்தி சந்தியா, எதிர்வீட்டுத் தையல்நாயகி, காது குத்திய மயில்வாகனம் ஆசாரி, அமெரிக்காவிலிருந்து வந்திருந்த நீ.

மஹாலட்சுமிக்குக் கூடப்பிறந்தவன் இல்லையென்று மாமன் முறைக்கு நீதான் உட்கார்ந்தாய். பிள்ளை உன் மடியில். அவள் தலை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தவன் ஜெயக்குமார். உன் சட்டையில் ஒரு சொட்டு ரத்தம் பட்டது. பரவாயில்லை என்று சிரித்தாய். அந்த நேரத்தில்தான் கடைத்தெருவில் ஜவுளிக்கடை வரதராஜனை எவனோ குத்திக் கொன்றுபோட்டான். முந்தின வாரம் ஜெயக்குமார் நெய்த புடவையை அவர் தெருவில் எறிந்ததும், இவன் கத்தியதும் உண்மைதான். அதைப் பிடித்துக்கொண்டு இவனை உள்ளே வைத்திருக்கிறார்கள்.

வீட்டு ஆட்கள், எதிர்வீடு என்று எங்கள் பேச்சு எடுபடாதாம். ஆசாரியும் செத்துப்போனார். "அமெரிக்காவுல சட்டம் படிச்ச உங்க தம்பி வந்து கூண்டுல ஏறினா, கேஸ் நிக்காதுமா" என்கிறார் வக்கீல். எப்போது வருகிறாய் என்று எழுது. உன் சம்சாரத்துக்கு மூட்டுவலி தேவலையா?

உன் அக்கா,
பூவம்மாள்

2.2.2023

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் படித்துத் தூக்கமில்லை. ஒன்றை நீ புரிந்துகொள்ள வேண்டும். ஓட்டலில் தட்டுக் கழுவிப் படித்தேன், இத்தனை வருடம் அரசு வக்கீலாக இருந்தேன். இப்போது என் பெயர் இங்கே மத்திய கோர்ட்டு நீதிபதி பதவிக்குப் போயிருக்கிறது. அதற்குச் சம்மதம் தர வேண்டிய செனட் சபையில் என் சரித்திரம் முழுவதையும் தோண்டுகிறார்கள். சொந்த அக்கா மகன் கொலை வழக்கில் இருக்கிறான் என்று பத்திரிகையில் ஒரு வரி வந்தால் போயிற்று. மேலும், ஜெயக்குமார் அன்று முழு நேரமும் அங்கேயே இருந்தானா என்று சத்தியம் செய்ய என் நினைவு போதவில்லை. கொஞ்சம் பொறு.

அன்புடன்,
குமாரவேல்

18.3.2024

தம்பிக்கு,

பதவி கிடைத்த சேதி வந்தது. ஆயுளுக்கும் பதவி, யாரும் இறக்க முடியாது என்று எழுதியிருந்தாய். அதே வாரம் இங்கேயும் தீர்ப்பு வந்தது. ஜெயக்குமாருக்கு ஆயுள்.

"எங்க தம்பிக்கும் ஆயுளுக்கும் குடுத்துட்டாங்க" என்று தையல்நாயகியிடம் சொல்லிவிட்டேன். "ஐயோ, அவரு இன்னாம்மா பண்ணாரு? அவரையுமா உள்ள வெச்சிக்கினாங்க?" என்று தலையிலடித்துக்கொண்டு அழுதாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் நானும் அழுதேன்.

நினைவு போதவில்லை என்றாயே. அம்மா செத்தபோது பரீட்சை என்று நீ வராமல் இருந்தது எனக்கு நினைவிருக்கிறது. எனக்கு அது ஆறவேயில்லை, ஆனாலும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன். மேல்கோர்ட்டுக்குப் போயிருக்கிறோம். பதவிதான் கைக்கு வந்துவிட்டதே, இனி என்ன பயம்? வந்து கண்ணால் பார்த்ததைச் சொல்.

அக்கா

6.5.2024

அக்கா,

பதவிக்கு வந்தபின் நீதிபதி ஒருவர் சொந்தக்காரருக்காகத் தானாக முன்வந்து சாட்சி சொல்வது முறையல்ல. என் பெயருக்கு இப்போது ஒரு கனம் இருக்கிறது, அதை ஒரு பக்கம் சாய்க்க எனக்கு உரிமையில்லை. முன்பே சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். இப்போது அதைப் பேசிப் பயனில்லை. கோர்ட்டை நம்பு.

குமாரவேல்

21.8.2025

கனம் நீதிபதி அவர்களுக்கு,

மேல்கோர்ட்டிலும் தள்ளிவிட்டார்கள். அருகில் இருந்ததாகச் சொல்லப்படும் தாய்மாமன் இதுவரை வாய் திறக்கவில்லை என்று தீர்ப்பிலேயே இருக்கிறதாம். வக்கீல் படித்துச் சொன்னார். இனி டெல்லிக்குப் போக எங்களுக்குத் தெம்பில்லை.

ஜெயிலில் போய்ப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்துவிட்டது. "மாமாவத் திட்டாதம்மா. நம்ம குடும்பத்துல ஒருத்தராவது நல்லா இருக்கட்டும்" என்றான்.

ஜெயக்குமாரைக் கடைத்தெருவில் பார்த்ததாகப் பொய்ச்சாட்சி சொன்ன சிவராஜ் வாசலில் வந்து நின்றான். போலீஸ் அடிக்குப் பயந்து சொன்னானாம். உள்ளே கூப்பிட்டு மோர் கொடுத்தேன். தண்டனை எழுதின ஜட்ஜின் மேலும் எனக்குக் கோபமில்லை. அவர் அன்றைக்கு என் வீட்டில் இல்லை, அவருக்கு என்ன தெரியும்?

இவர்களையெல்லாம் விட்டுவிட்டேன். என் கட்டை வேகும்வரை மன்னிக்காத ஆள் ஒருத்தன்தான். அவன் பெயர் குமாரவேல்.