பரங்கிக்காயில் ஒரு கரண்டி எண்ணெய்

நைனா,

பீரோவைத் திறந்தால் இன்னும் கடலையெண்ணெய் வாசனைதான். நீ எண்ணெய் மில்லுக்குப் போட்டுப் போன சட்டையை அம்மா எத்தனை முறை துவைத்தும் அது போகவில்லை. இன்று சயின்ஸ் பரீட்சையில் நான்காம் கேள்வியைப் படித்ததும் அதே வாசனை சித்தூர் பள்ளிக்கூடம் வரைக்கும் வந்துவிட்டது. கடலையெண்ணெய், வேகவைத்து மசித்த பரங்கிக்காய், இவ்விரண்டின் சத்துகளை ஒப்பிடுக.

மார்கழியில் உனக்குக் காமாலை வந்தது. எண்ணெய் ஒரு சொட்டும் ஆகாது என்றார் டாக்டர். அம்மா வேளாவேளைக்குப் பரங்கிக்காயை மசித்துக் கொடுத்தாள். நீ தட்டைப் பார்த்துச் சிரிப்பாய்.

"ஊருக்கே எண்ணெ ஆட்டிக் குடுத்துட்டு, பல்லு மொளைக்காத கொழந்த மாதிரி இத்தத் துன்னுகினு கீறேன் பாரு."

உன் கை நாளுக்கு நாள் மெலிந்தது. எனக்குப் பயமாக இருந்தது. தெலுங்கில் உள்ள என் சயின்ஸ் புத்தகத்தில் உணவுப் பட்டியல் ஒன்று உண்டு. அதில் 'சக்தி' என்று ஒரு கட்டம். நூறு கிராம் எண்ணெய்க்குத் தொள்ளாயிரம், பரங்கிக்காய்க்கு இருபத்தைந்து. அது கலோரிக் கணக்கு என்று எனக்குத் தெரியும். ஆனால் நம் வீட்டில் சக்தி என்றால் உடம்புத் தெம்பு. உன் கையைப் பார்த்துக்கொண்டே படித்ததால் அதை வீட்டுச் சொல்லாகத்தான் படித்தேன்.

அம்மா தண்ணீருக்குப் போன நேரத்தில் புத்தகத்தை உன்னிடம் கொண்டுவந்தேன். நீ அந்த எண்ணின்மேல் விரலை வைத்தாய்.

"புக்குலயே போட்டுக்கீதா?"

"போட்டுக்கீது நைனா."

"அப்ப ஊத்து."

ஒரு கரண்டி ஊற்றினேன். நீ வழித்துச் சாப்பிட்டாய்.

சாயங்காலம் முழுக்க வாந்தி. அம்மா தட்டை முகர்ந்துவிட்டு யார் ஊற்றியது என்றாள். நான் வாயைத் திறக்குமுன் நீ முந்திக்கொண்டாய். "நான்தான் ஊத்திக்கினேன். நாக்கு கேக்கல. கொழந்தய ஒண்ணும் சொல்லாத."

ஒன்பது நாளில் போய்விட்டாய். கல்லீரல் முன்பே கெட்டிருந்தது, ஒரு கரண்டி எண்ணெயால் வந்ததல்ல என்று டாக்டர் சொன்னார். எனக்கு அது பாதிதான் மனதில் இறங்குகிறது. கொழுப்பு செரிக்கக் கல்லீரலின் பித்தநீர் வேண்டும் என்று அந்தப் பட்டியலுக்கு அடுத்த பக்கத்திலேயே இருந்தது. உன் காரியமெல்லாம் முடிந்தபிறகுதான் அந்தப் பக்கத்தைப் புரட்டினேன்.

இன்று விடையை முழுவதும் எழுதினேன். எண்ணெய் வெறும் கொழுப்பு. பரங்கிக்காயில் பெரும்பகுதி தண்ணீர், ஆனால் கண்ணுக்கு வேண்டிய சத்து அதில்தான் இருக்கிறது. சுலபமாகச் செரிக்கும்.

வீட்டுக்கு வந்தால், பக்கத்து வீட்டு அத்தையிடம் அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். "அந்த மனுசன் நாக்க அடக்கியிருந்தா இன்னிக்கு இருந்திருப்பாரு." மூன்று மாதமாக இதே பேச்சு. நீயோ திருப்பிப் பேச முடியாத இடத்தில் இருக்கிறாய்.

எனக்குத் தெலுங்கில்தான் வேகமாக எழுத வரும். தமிழ், ஞாயிற்றுக்கிழமைகளில் காலண்டர் தாளின் பின்பக்கம் நீ எழுதிக் காட்டியது. ஆனாலும் இதைத் தமிழில் எழுதுகிறேன் நைனா. அம்மாவுக்குத் தெலுங்கு படிக்க வராது.

மடித்து உன் சட்டைப் பையில் வைக்கிறேன். நாளை அவள் அதை மறுபடி துவைக்க எடுப்பாள். நனைக்குமுன் எப்போதும் பையைத் துழாவிப் பார்ப்பாள்.