பாவாயியின் பாதைக்கு ஒரு கேட்

செம்மேடு,
ஞாயிறு மாலை

அன்புள்ள சுஜிதா,

கால் வீக்கம் வடிந்ததா? பிரசவத்துக்குத் திருநெல்வேலி போனவளை வேலைக்குள் இழுக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். வரைபடங்களோடு இந்தக் கடிதத்தையும் சுருட்டி அனுப்புகிறேன். கையெழுத்துப் போடுவதற்கு முன் படி. போனில் என்றால் சிரித்து மழுப்பிவிடுவேன்.

ரிசார்ட்டுக்கு நாம் வரையும் நடைபாதை வேலை முடிகிற கட்டம். இரண்டே கால் கிலோமீட்டர். நிழல், ஒரு சுனை, மூச்சு வாங்காத ஏற்றம். உடம்புக்கும் ஆச்சு, மனசுக்கும் ஆச்சு என்கிறார் ரிசார்ட் முதலாளி முரளி.

அந்தத் தடம் நாம் கண்டுபிடித்ததல்ல. உன்னிடம் நான் சொல்லவில்லை. நாம் மூன்று வாரம் கம்ப்யூட்டரில் தேடிய சரிவு, வளப்பூர் நாட்டுப் பாவாயியின் காலில் இருந்தது. விடியற்காலையில் மிளகு மூட்டையோடு அவள் பஸ் ரோட்டுக்குப் போகிற வழி. பின்னாலேயே நடந்து அந்த வழியைப் போனில் பதிவு செய்துகொண்டேன். ஏங்கண்ணு, வெறுங்கையோட நடக்கறதுக்கா இத்தன தூரம் மலையேறி வாராங்க, என்று கேட்டாள். ஊட்டுல வேல இல்லாதவங்க போல, பாவம், என்றாள். வழுக்கிய இடத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

விருந்தினர்கள் நின்று உடற்பயிற்சி செய்யப் பாதையில் வைத்த நிலையங்களில் நான்காவது என் யோசனை. மணல் அடைத்த சாக்கு, பன்னிரண்டு கிலோ. விருந்தினர்கள் அதைத் தலையில் தூக்கி இருபது அடி நடக்க வேண்டும். 'மிளகு மூட்டை சவால்.' பாவாயி தன் மூட்டையைத் தலைக்கு ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டே குறித்தேன். வெட்கம் வரவில்லை. சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்துக்குத்தான் இப்போது வெட்கப்படுகிறேன்.

பாதை முரளியின் பட்டா நிலத்துக்குள் போகிறது. காலை ஆறு முதல் பத்து வரை விருந்தினர்களுக்கு மட்டும் என்று கேட் கேட்டார். மூட்டக்காரங்க குறுக்க வந்தா போட்டோ கெட்டுப்போகுதுங்க மேடம், என்றார். வரைந்து கொடுத்தேன். மூங்கில் கேட். அழகாகவே வந்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை ஒத்திகை. கேட் வரும் இடத்தில் கயிறு கட்டியிருந்தார்கள். பாவாயி மூட்டையோடு வந்தாள். வாட்ச்மேன் சின்னுசாமி அவள் ஊர்க்காரர்தான். பத்து மணிக்கு மேல வாக்கா, என் பொழப்பக் கெடுத்துப்போடாத, என்றார். பத்து மணி வரைக்கும் பஸ்ஸு எனக்காவ நிக்குமா, என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, நீ சொல்லு கண்ணு, இது நாம நடந்த தடந்தான, என்றாள்.

நான் அளவு டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். சுருட்டிக்கொண்டே இருந்தேன்.

ரோட்டைச் சுற்றிப் போனாள். நான்கு கிலோமீட்டர். கேட் வந்தால் தினமும் அப்படித்தான். அவள் மட்டுமில்லை, பதினோரு வீடு. அவள் போனதும், சேலத்திலிருந்து வந்திருந்த நான்கு பேர் மணல் சாக்கைத் தூக்கி, கஷ்டப்படுகிற முகம் வைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

அரை மணி நேரம் கழித்து முரளி பேனாவை நீட்டினார். வாசல் பலகையில் நம் இருவர் பெயரும் வரும் என்றார். கேட் வரைபடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

ஒப்பந்தப்படி உன் கையெழுத்தும் இல்லாமல் கேட் எழும்பாது. நீ போடாதே.

நேற்று வேறொரு தாள் வரைந்தேன். வரைபடக் கட்டின் கடைசியில் இருக்கிறது. அதே தடம். கேட் இல்லை, சாக்கு இல்லை. மூட்டை வரும்போது விருந்தினர் ஒதுங்கி நிற்க அங்கங்கே இடம். முரளி ஒத்துக்கொள்வாரா தெரியவில்லை. இந்த வேலையே நம் கையை விட்டுப் போகலாம்.

அதில் நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. முதலில் போடுகிற தைரியம் எனக்கு இல்லை, சுஜி. நீ போட்டு அனுப்பு. கீழே நான் போடுகிறேன்.

தாயும் பிள்ளையுமாக நலமாக வா.

உன்,
சத்யா