கோர்ட்டுக்கு ஒரு டிவிடி

செவ்வாய், இரவு.

என் வீட்டுக்காரர் மேல் லாரி மோதியது பெருநகர் ஊர்த் திருப்பத்துக் கடையின் கேமராவில் பதிந்திருக்கிறது. அதை டிவிடியில் போட்டு நாளை கோர்ட்டில் கொடுக்க வேண்டும். பென்டிரைவ் எடுபடாதாம். "கடைசி வரைக்கும் ஓடுதான்னு பாத்துட்டு எடுத்தாம்மா" என்றார் வக்கீல்.

கொழுந்தன் சேகர் கொடுத்த டிவிடி டிரைவை லேப்டாப்பில் மாட்டி, மத்தியானத்திலிருந்து மாரடித்தேன். எழுதி முடித்ததாகக் காட்டும். போட்டுப் பார்த்தால், அவர் வண்டியை நிறுத்திக் கை காட்டுகிற இடத்தில் படம் உறைந்துவிடும். எழுதும் வேகத்தைக் குறைத்தேன். உத்திரமேரூர் பஜாருக்குப் போய் வேறு டிஸ்க் வாங்கி வந்தேன். அதே இடம்தான். எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

சேகருக்குப் போன் போட்டேன்.

"அண்ணி, அந்த ஒயர்ல ரெண்டு முனை கீது பாருங்க. ஒண்ண மட்டும் சொருவிக்கினு கீறீங்களா? அதுக்குக் கரண்ட் பத்தாது. ரெண்டையும் சொருவுங்க."

சொருகினேன். இந்த முறை படம் நிற்கவில்லை. கடைசி வரைக்கும் பார்த்தேன். உறையில் போட்டு அவர் பெயரை எழுதினேன்.

கெட்டுப்போன டிஸ்க்குகளைக் குப்பையில் போடத்தான் எடுத்தேன். பிறகு பீரோவில், அவர் சட்டைகளுக்கு அடியில் வைத்துவிட்டேன். அவற்றில் லாரி இன்னும் வரவில்லை.