நீ படித்துச் சாகவில்லை

இன்று காலை அனலைதீவுப் படகில் அலை அடித்து என் மடி முழுக்க நனைந்தது. பொலித்தீன் சொப்பின் பைக்குள் சுற்றி வைத்திருந்த புத்தகம் மட்டும் தப்பியது. உன்னுடைய புத்தகம்தான், நிதித்துறை வேலைக்கான சோதனையின் முதற்பகுதிக்கு நீ வாங்கியது. திறந்தால் இன்னும் நீ நெற்றியில் பூசும் தைலம் மணக்கிறது.

நீயும் நானும் ஒரே பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தோம். இது நமக்கான வேலை இல்லை என்று இருவருக்கும் சீக்கிரமே தெரிந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் அந்தச் சோதனைக்கு வகுப்பு நடத்துபவர், "இந்தச் சோதனை பாஸ் பண்ணினால் வேலை உறுதி" என்றார். நீ விடவில்லை. "அப்பிடி வேலை எடுத்த ரெண்டு பேரைக் காட்டுங்கோ, கதைச்சுப் பாப்பம்." மனுசன் தேத்தண்ணி சொல்லிவிட்டு வருகிறேன் என்று எழும்பிப் போய்விட்டார்.

பிறகு நாமே அந்தச் சோதனை தேறிய ஒரு பெண்ணைத் தேடிப் பிடித்தோம். சான்றிதழைப் பார்த்து நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்களாம். வேலை கிடைத்தது அனுபவத்தால்தானாம். திரும்பும் படகில் நீ முடிவு கட்டினாய். "என்ரை அப்பா புதுப் படகிலை வலை ஏத்த முதல் வெள்ளோட்டம் விடுறவரெல்லே? நாங்களும் முதற்பகுதியை மட்டும் எழுதுவம். லீவிலை ஒரு கொம்பனியிலை நிண்டு பாப்பம். பிடிக்காட்டில் பள்ளிக்கூடமும் வெண்கட்டியும் இருக்குத்தானே."

அந்த லீவு வருமுன் உனக்குக் காய்ச்சல் வந்தது. பத்தே நாள்.

நான் தனியே போனேன். ஒரு சின்ன அலுவலகத்தில் ஒரு மாதம் சம்பளமில்லாமல் இருந்தேன். பிடித்திருந்தது. முதற்பகுதி தேறினால் பயிலுநராக எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

ஊர் என்ன சொல்கிறது தெரியுமா? நீ இரவு பகலாகப் படித்துத்தான் போய்ச் சேர்ந்தாயாம். இன்று பள்ளிக்கூட அதிபரும் எல்லோர் முன்னாலும் கேட்டார்: "இது பென்சன் வாற டீச்சர் வேலை, பிள்ளை. அவளுக்கு நடந்ததைப் பாத்துமோ உந்தச் சோதனை?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அவள் படிச்சுச் சாகேல்லை, சேர். காய்ச்சலிலை செத்தவள். என்னை மறிக்கிறதுக்கு அவளின்ரை சாவை இழுக்காதேங்கோ."

அடுத்த மாதம் சோதனை. தேறாவிட்டால் மறுபடி எழுதுவேன். தேறினால் இருபத்தெட்டு வயதில், குறைந்த சம்பளத்துக்கு, என்னைவிடச் சின்னப் பிள்ளைகளிடம் வேலை பழகுவேன். பயமில்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் உன்னைக் காட்டி என்னைப் பயமுறுத்த இனி ஒருவரையும் விடமாட்டேன். நீ இருந்திருந்தால் எனக்கு முன்னமே அந்த வேலைக்குப் போயிருப்பாய்.